‘ஃபுல் ஃபைபர்’ என்பதற்குத் தமிழ்: லண்டன் துண்டறிக்கைக்காக ஒரு கலைச்சொல் விவாதம்

ஈஸ்ட் ஹாமிலிருந்து மொழிபெயர்ப்பாளர்:

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கிழக்கு லண்டனில் குடியிருப்போர் சங்கம் ஒன்றுக்காக, வீட்டு இணைய, தொலைபேசி இணைப்பு மாறுவது பற்றிய ஒரு துண்டறிக்கையைத் தமிழாக்கிக் கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். மற்ற எல்லாம் முடிந்துவிட்டன. தலைப்பிலேயே வரும் ‘ஃபுல் ஃபைபர்’ மட்டும் நிற்கிறது.

சிக்கல் இதுதான். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, வெம்பிளி, டூட்டிங் பகுதிகளில் வாழும் நம் முதியவர்களில் பலர், “எங்கள் வீட்டில் பைபர் ஏற்கெனவே இருக்கிறது” என்று சொல்லி இந்த அறிவிப்பை ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை, ஏனென்றால் கட்டணச் சீட்டில் அப்படித்தான் அச்சாகியிருக்கிறது. தெருமுனைப் பச்சைப் பெட்டிவரை கண்ணாடி இழையும் அங்கிருந்து வீட்டுக்குப் பழைய செப்புக்கம்பியும் வரும் இணைப்பையும் இங்கே ‘ஃபைபர்’ என்றே விற்றார்கள். அது மக்களைத் தவறாக வழிநடத்தவில்லை என்று விளம்பரத் தரக் கண்காணிப்பு அமைப்பு 2017 நவம்பரில் சொன்னது. அதை எதிர்த்து சிட்டிஃபைபர் என்னும் இழை வலையமைப்பு நிறுவனம் தொடுத்த வழக்கை உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தள்ளுபடி செய்தது. தெருமுனையோடு நிற்காமல் கண்ணாடி இழையே வந்து சேரும் இணைப்பை வேறுபடுத்திக் காட்ட ‘ஃபுல்’ என்ற அடைமொழி நிலைத்தது.

இப்போது அந்த வேறுபாடு உயிர் காக்கும் செய்தியாகிவிட்டது. செப்புக்கம்பித் தொலைபேசிச் சேவையை 2025 டிசம்பரில் நிறுத்துவதாக இருந்தார்கள். பிறகு அந்த நாளை 2027 ஜனவரி 31க்குத் தள்ளி வைத்தார்கள். பழைய தொலைபேசிக்குத் தேவையான ஏறத்தாழ 50 வோல்ட் மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து அதே கம்பியில் வந்தது; வீட்டில் மின்சாரம் போனாலும் தொலைபேசி பேசியது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. மின்வெட்டில் தொலைபேசி அடங்கிவிடும். கழுத்தில் மாட்டியிருக்கும் அவசர அழைப்புப் பொத்தானும் பல வீடுகளில் அதனோடு சேர்ந்து அடங்கும். வீட்டுத் தொலைபேசியை மட்டுமே நம்பியிருப்பவர்கள், மின்வெட்டில் குறைந்தது ஒரு மணி நேரமாவது அவசர எண்ணை அழைக்க நிறுவனங்கள் வழிசெய்ய வேண்டும் என்பது ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் நெறி. ஆனால் தான் நம்பியிருப்பதை அவர்தான் நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும். அதற்கு அவர் துண்டறிக்கையைப் படிக்க வேண்டும்.

‘முழு இழை’, ‘முழுமையான ஒளியிழை’, ‘செப்பிலா இணைப்பு’ என்று மூன்று சொற்கள் என்னிடம் உள்ளன. எதிலும் எனக்கு நிறைவில்லை. உங்கள் கருத்து வேண்டும்.

தஞ்சாவூரிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, உங்கள் பணிக்கு என் வாழ்த்து. சொல் உங்களிடமே இருக்கிறது, புணர்ச்சிதான் விடுபட்டிருக்கிறது. ‘முழு’ என்பதன் ஈற்றில் உள்ளது முற்றியலுகரம். உயிர் வந்தால் வகர உடம்படுமெய் தோன்றும். எனவே ‘முழுவிழை’. ஒரே சொல்லாக நின்றால்தான் அது கலைச்சொல். பிரித்து எழுதினால் வெறும் வருணனை.

‘இழை’யைவிட இந்தப் பொருளுக்கு ஏற்ற சொல் வேறில்லை. மலைபடுகடாம் நன்னனின் கொடையைப் பாடும்போது “இழைமருங்கு அறியா நுழைநூற் கலிங்கம்” என்கிறது. இழை ஓடும் வழியே கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்மையான ஆடை அது. நீங்கள் சொல்லும் கண்ணாடி இழையும் அத்தகையதுதானே. தொழிற்சாலையில் கண்ணாடித் தண்டை ஏறத்தாழ 2,000 பாகை வெப்பத்தில் இளக்கி மேலிருந்து கீழே இழுத்து இழையாக்குகிறார்கள் என்று படித்திருக்கிறேன். இழுப்பதால் இழை என்றே நான் கருதுகிறேன். தச்சர் மரத்தை இழைப்பதும், குரல் சுருதியோடு இழைவதும் இதே வேரின் கிளைகளாக இருக்கலாம். சேயிழை, ஆயிழை என்னும் அன்மொழித்தொகைகளில் இழை அணிகலனாகிறது. பொன்னைக் கம்பியாக இழுத்துச் செய்ததால் அணிக்கு அப்பெயர் வந்தது என்பது என் நெடுநாள் எண்ணம். இதை விரித்து எழுத இடமில்லை என்பதால் நிறுத்துகிறேன்.

‘ஃபைபர்’ என்று எழுதுவதை மட்டும் ஏற்க மாட்டேன். “வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ” என்று தொல்காப்பியர் விதித்தது வடமொழிக்கு மட்டும் என்று யாரும் வாதிட வேண்டாம். அயற்சொல் எதுவாயினும் தமிழெழுத்தின் நடைக்குள் அடங்க வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆய்தத்தைப் பகரத்துக்கு முன் நிறுத்தி வேற்றொலி ஆக்குவது ஆய்தத்தின் இலக்கணத்துக்கே புறம்பானது.

ஹாரோவிலிருந்து, யாழ்ப்பாணத்தில் படித்த பொறியியலாளர்:

ஐயா, உங்கள் புலமைக்குத் தலைவணங்குகிறேன். ஆனாலும் இலங்கையில் நாங்கள் படித்தது ‘ஒளியியல் நார்’. இங்கே ஹாரோவிலும் வெம்பிளியிலும் துண்டறிக்கையைக் கையில் வாங்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் எங்கள் ஊர்க்காரர். அவர்களுக்கு ‘நார்’ பழகிய சொல். பூவோடு சேர்ந்த நாரையும் தென்னை நாரையும் அறியாத தமிழர் உண்டா?

ஒரு வரலாற்றுச் செய்தியையும் சொல்ல வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்துக்கு ஆங்கிலத்தில் பெயர் நிலைபெறக் காரணமானவர் பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹெரால்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து இழைக்கற்றை வழியாகப் படத்தைக் கடத்தி, 1954இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். 1966இல் சார்லஸ் காவோவும் ஜார்ஜ் ஹாக்கமும், மாசு நீங்கிய கண்ணாடி வழியே தொலைதூரச் செய்தித் தொடர்பு முடியும் என்று காட்டியதும் லண்டனுக்கு அருகே ஹார்லோவில்தான். காவோவுக்கு 2009இல் நோபெல் பரிசு கிடைத்தது. இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்த ஊரிலேயே நாம் அதற்குப் பெயர் வைக்கிறோம். ஆகவே பொருளைச் சரியாகப் பார்ப்போம்.

பொருள் என்று பார்த்தால் ‘ஒளி’ என்பதே முழுச் சரியில்லை. வீட்டு இணைப்புகள் பலவற்றில் செய்தி வருவது 1,490 நானோமீட்டர் அலைநீளத்தில், போவது 1,310இல். மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 வரைதான் காணும். இழைக்குள் ஓடுவது அகச்சிவப்புக் கதிர். ஆகவே ‘கதிர்நார்’ என்பதே துல்லியம். ‘முழுக் கதிர்நார்’ என்று முன்மொழிகிறேன்.

டூட்டிங்கிலிருந்து, இணைப்புப் பொருத்தும் பணியில் இருப்பவர்:

எல்லாருக்கும் வணக்கம். நான் இலக்கணம் பேசத் தகுதியுடையவனில்லை. வீடு வீடாக இழை கொண்டுபோகிறவன். தயவுசெய்து ‘கதிர்’ வேண்டாம், அண்ணா. மருத்துவமனைக் கதிர்வீச்சு என்று எண்ணிக் கதவையே திறக்க மாட்டார்கள். ‘முழு நார்’ என்றால் நார்ச்சத்து மாவு விளம்பரம் போல் இருக்கிறது.

நான் சொல்ல வந்தது ‘முழு’வைப் பற்றி. அந்தச் சொல் எதை முழுமை என்கிறது? நிலையத்திலிருந்து வரும் ஒற்றை இழையை வழியில் ஒரு பிரிப்பான் பொதுவாக 32 வரை வீடுகளுக்குப் பகிர்ந்து தருகிறது. ஒரு வீட்டுக்கு ஒரு முழு இழை என்று யாராவது புரிந்துகொண்டால் அது தவறு. அடுக்குமாடிகளில் சில நிறுவனங்கள் கட்டடத்தின் கீழ்த்தளம்வரைதான் இழை கொண்டுவருகின்றன. மேலே ஒவ்வொரு வீட்டுக்கும் போவது ஈத்தர்நெட் கம்பி, அதுவும் செம்பு. அதையும் சந்தையில் ஃபுல் ஃபைபர் என்கிறார்கள். ஆக ‘செப்பிலா இணைப்பு’ என்று எழுதினால் அந்த வீடுகளுக்கு அது பொய்யாகும். அடுக்குமாடிகளில் வேலை இழுபடுவதற்குக் காரணம் வேறு: கட்டட உரிமையாளர் வழியுரிமை ஒப்புதல், அதாவது கட்டடத்துக்குள் வடம் கொண்டுபோக அனுமதி, தர வேண்டும். உரிமையாளர் பதிலே சொல்லாவிட்டால் நிறுவனங்கள் தீர்ப்பாயம் போக 2021இல் சட்டம் வந்தது. இருந்தும் எத்தனையோ கட்டடங்கள் காத்துக்கிடக்கின்றன.

முதியவர் வீட்டில் உண்மையில் நடப்பது என்ன என்று பாருங்கள். கம்பத்திலிருந்து கறுப்பு உறையிட்ட மெல்லிய வடம் வருகிறது. சன்னல் ஓரத்துச் சுவரில் பென்சில் பருமனில் ஒரு துளை. உள்ளே வந்ததும் இழையின் உறையை உரித்து, முனையை நறுக்கி, துடைத்து, சிறு கருவிக்குள் வைத்து மற்றோர் இழையோடு உருக்கி ஒட்டுகிறோம். வெறும் இழை 125 மைக்ரோமீட்டர் தடிப்பு. ஒளி போகும் உள்ளகம் ஏறத்தாழ 9. துணுக்கு கீழே விழுந்தால் காலில் குத்தும் என்பதால் ஒட்டுநாடாவில் எடுத்துச் சேர்க்கிறோம். பிறகு சுவரில் ஒரு வெள்ளைப் பெட்டி. அதற்கு ஒரு மின்செருகி. அந்தச் செருகியைக் காட்டி, “இது அணைந்தால் போனும் அணையும், அம்மா” என்று சொன்ன கணத்தில்தான் அவர்களுக்கு எல்லாம் விளங்குகிறது.

எனவே தரத்தைச் சொல்லும் சொல் வேண்டாம். இழை எங்கே வந்து முடிகிறது என்று சொல்லும் சொல் வேண்டும். ‘வீடுவரை ஒளியிழை’. பழையது ‘தெருப்பெட்டிவரை ஒளியிழை’. இரண்டையும் அடுத்தடுத்து வைத்தால் விளக்கமே தேவையில்லை. கீழ்த்தளத்தோடு நிற்கும் அடுக்குமாடிகளுக்கு ‘கட்டடம்வரை’ என்று எழுதலாம்.

தஞ்சாவூர் ஆசிரியர்:

தம்பி, உங்கள் மடல் மிகப் பயனுள்ளது. எனினும் ‘வரை’ என்னும் சொல் எல்லையைக் குறிக்கும்போது அந்த எல்லை உள்ளடங்குமா, புறத்தே நிற்குமா என்பது ஐயத்துக்குரியது. ‘ஆறுவரை நடந்தான்’ என்றால் அவன் ஆற்றுக்குள் இறங்கவில்லை. அதுபோல் ‘வீடுவரை’ என்றால் வாசலோடு இழை நின்றுவிட்டது என்று கொள்ள இடமிருக்கிறது. நீங்களோ உள்ளே சுவர்ப்பெட்டிக்கே கொண்டுபோகிறீர்கள். மேலும் ‘வீடு வரை’ என்று தொடங்கினால் என் தலைமுறையினர் காதில் சாவைப் பற்றிய ஒரு திரைப்பாட்டுத்தான் முதலில் ஒலிக்கும்.

இடம் சுட்ட வேண்டுமென்றால் ‘மனையிழை’ என்று அமைக்கலாம். சுருக்கமானது, ஓசை இனியது. மனை என்றால் தமிழ்நாட்டில் வெற்று நிலமாகிவிட்டது என்பார்கள்; ஈழத்தவருக்கும் இலக்கியம் பயின்றவர்க்கும் அது இன்னும் வீடுதான். முதல் நாளில் புரியாத சொல் நாளடைவில் புரியும். ‘பேருந்து’ என்ற சொல்லை முதலில் கேட்டவர்களும் தயங்கியிருப்பார்கள். “எல்லாச் சொல்லும் பொருள்குறித் தனவே”. குறித்தபின் பழக்குவது நம் கடமை.

வெம்பிளியிலிருந்து, முதியோர் பகல்நேர நடுவத்தில் தன்னார்வலர்:

ஐயா, பேருந்துக்குப் பழக ஆண்டுகள் இருந்தன. இங்கே 2027 ஜனவரிதான் இருக்கிறது. இந்தத் துண்டறிக்கையைப் படிப்பவர்களுக்குச் சராசரியாக எண்பது வயது. ஒரு சொல்லைப் பழக்கிக்கொள்ளும்படி அவர்களைக் கேட்க நமக்கு உரிமையில்லை.

நேற்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, இங்கே பேசப்பட்ட சொற்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். ‘முழுவிழை’ என்றதும் ஒரு அம்மா, “என்ன விழைவு பிள்ளை?” என்றார், உடம்படுமெய் அவருடைய செவியில் ‘விழை’ என்ற வேறு சொல்லாகிவிட்டது. ‘மனையிழை’ ஒரு பெண்ணின் பெயர் என்றார்கள். தமிழ்நாட்டு அரசின் நிறுவனப் பெயரிலேயே வருவதால் ‘கண்ணாடி இழை’யையும் சேர்த்தேன், “கண்ணாடி என்றால் உடையாதோ?” என்று ஒருவர் கவலைப்பட்டார். கடலோர ஊர்க்காரர் ஒருவருக்குப் ‘பைபர்’ என்றால் பைபர் படகு. ‘வீடுவரை ஒளியிழை’க்கு யாரும் பாட்டைச் சொல்லவில்லை. “அப்ப இப்ப இருக்கிறது எதுவரை?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். நாம் கேட்கவைக்க விரும்பிய கேள்வி அதுதானே.

ஆங்கிலப் பெயரைத் தமிழெழுத்தில் உடன் கொடுக்காமல் விட்டுவிடாதீர்கள். நிறுவனம் தொலைபேசியில் அழைக்கும்போது அவர்கள் காதில் விழப்போவது அந்தப் பெயர்தான்.

ஹாரோ பொறியியலாளர்:

‘கதிர்’ என்ற சொல்லை விட்டுவிடுகிறேன். ‘நார்’ கேட்டு நிற்பது வழக்குக்காக மட்டுமே. துண்டறிக்கையில் ஓரிடத்தில் ‘ஒளியிழை, அதாவது ஒளியியல் நார்’ என்று வந்தால் எனக்குப் போதும். ‘வீடுவரை’க்கு என் ஆதரவு. ஆசிரியர் ஐயா காட்டிய ‘ஆறுவரை’ எடுத்துக்காட்டு சரிதான். ஆனால் ‘கடைசிப் பக்கம்வரை படித்தேன்’ என்றால் அந்தப் பக்கத்தையும் படித்ததாகத்தான் பொருள். வழக்கில் எல்லை இரு வகையாகவும் நிற்கிறது.

ஈஸ்ட் ஹாம் மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. அச்சகம் இன்று மாலை கோப்பைக் கேட்டுவிட்டது. எனவே கருத்துகள் போன போக்கின்படி முடிவெடுத்திருக்கிறேன். தலைப்பில் ‘உங்கள் வீடுவரை ஒளியிழை’. அதன் கீழே சிறிய எழுத்தில் ‘ஃபுல் ஃபைபர் என்று நிறுவனங்கள் சொல்வது இதைத்தான்’. முதல் பத்தியில் ஒருமுறை ‘ஒளியியல் நார்’. பழைய இணைப்புக்குத் ‘தெருப்பெட்டிவரை ஒளியிழை’. டூட்டிங் நண்பர் விவரித்த மின்செருகியைப் படமாக வரைந்து, “இது அணைந்தால் தொலைபேசியும் அணையும், அவசர அழைப்புப் பொத்தான் வைத்திருந்தால் உடனே நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்” என்று பெரிய எழுத்தில் முதல் பக்கத்துக்கே கொண்டுவந்துவிட்டேன். பிராட்பேண்டுக்கு வழங்கும் ‘அகலப்பட்டை’யை முழுவதுமாக எடுத்துவிட்டு ‘வீட்டு இணையம்’ என்று போட்டேன். அதற்கு யாரும் சண்டைக்கு வர வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். கோப்பை இணைத்திருக்கிறேன்.

தஞ்சாவூர் ஆசிரியர்:

பெரும்பான்மைக்கு உடன்படுகிறேன்; கருத்துக்கு உடன்படவில்லை. ‘வீடுவரை ஒளியிழை’ ஒரு தொடர், கலைச்சொல் அன்று. அதிலிருந்து வினையோ பெயரடையோ ஆக்க முடியாது. நாளை ஒரு பாடநூல் எழுதுபவர் ‘வீடுவரை ஒளியிழை வலையமைப்புத் திட்டமிடல்’ என்று ஒரு வரி முழுவதும் எழுத நேரும். அன்று முழுவிழையை மறுபடி எடுங்கள். என் மறுப்பு இக்குழுவின் தொகுப்பில் பதிவாகட்டும்.

கோப்பைப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இரண்டு இடங்களில் ‘தெருபெட்டி’ என்று ஒற்று விடுபட்டிருக்கிறது. அச்சுக்குப் போகும் முன் திருத்திவிடுங்கள், அம்மா.