ஸ்டோயிக் வழியில் கோபத்தைக் குறைத்தவர்கள் யாராவது உண்டா?

வணக்கம். தங்கச்சிமடம் பக்கம் ஓர் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அப்பா நாட்டுப்படகுக்காரர். எனக்கு முன்கோபம் அதிகம். நாலு மாதமாக ஸ்டோயிக் தத்துவம் படிக்கிறேன். மனதை நிதானமாக வைத்து நல்லபடி வாழச் சொல்லும் பழைய கிரேக்கத் தத்துவம் அது. கப்பல் உடைந்து ஏதென்ஸுக்கு வந்து சேர்ந்த ஜீனோ என்ற வியாபாரி தொடங்கியது என்பார்கள். அதைப் படித்ததுமே நம்மூர் ஆள் மாதிரி ஓர் ஒட்டுதல்.

உன் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துப் பார் என்கிறார் அடிமையாக வாழ்ந்த எபிக்டெட்டஸ். கடலில் இது சுலபம். காற்று கூடினால் அப்பா வலையைச் சுருட்டி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அவர் இதில் ஒரு பக்கம்கூடப் படித்ததில்லை! கரையில்தான் சிக்கல். முன்பணம் கொடுத்த வியாபாரி நண்டுக்கு விலையைக் குறைத்துப் போடுகிறார். இதுவும் காற்று மாதிரிதானா? போன வாரம் கத்திவிட்டேன். மறுநாள் அப்பாதான் போய்ச் சமாதானம் பேசினார்.

ரோமைச் சேர்ந்த ஸ்டோயிக் அறிஞர் செனெகா தினமும் இரவில் அன்றைய தன் நடத்தையைத் தானே விசாரித்துப் பார்ப்பாராம். சரி என்று நானும் நோட்டுப் போட்டேன். பத்தே நாளில் அது வியாபாரியைத் திட்டும் நோட்டாகிவிட்டது.

பழகியவர்கள் சொல்லுங்கள்: எழுதும்போது உங்களை என்ன கேட்டுக்கொள்கிறீர்கள்? கோபப்படாமல் நியாயம் கேட்பது எப்படி? நீதியும் ஸ்டோயிக்குகள் சொல்லும் நாலு நற்குணங்களில் ஒன்று, அதனால் வாயை மூடிக்கொண்டு இரு என்று அர்த்தமில்லை என்றே நினைக்கிறேன்.

அப்புறம், பாம்பன், மண்டபம் பக்கம் யாராவது இருந்தால் நேரில் பேசலாம். ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். எனக்கும் வேலை குறைவு, எந்த மாலையும் வரலாம்.