ராப்டர் 700-ஐத் தாழ்த்தினால் சவாரி எப்படி இருக்கும்? நான் ஓட்டிப் பார்த்தது

ஷார்ஜாவில் என் அறைத்தோழன் வாங்கிய பழைய யமஹா ராப்டர் 700 (மணலிலும் கரடுமுரடான தரையிலும் ஓட்டும் நாலு சக்கர குவாட் பைக்), கைக்கு வரும்போதே உயரம் தாழ்த்தப்பட்டிருந்தது. முன்பக்க ஷாக்குகளில் (அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்கள்) பிரீலோடு வளையங்களை, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் வளையங்களைக் கடைசிவரை தளர்த்தி, பின்பக்கம் ஷாக்கைச் சக்கரப் பகுதியோடு இணைக்கும் லிங்கேஜில் வேறு அளவுத் தண்டு போட்டிருந்தார்கள். அப்படியே கொஞ்ச காலம் ஓட்டினோம், அப்புறம் பழைய உயரத்துக்கே ஏற்றியும் ஓட்டினோம், அதனால் இரண்டையும் ஒப்பிட்டுச் சொல்ல முடிகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹத்தா ரோட்டில் அல் பதாயர் மணல்மேடுகளில் சரிவுக்குக் குறுக்கே போகும்போது வண்டி கவிழ்ந்துவிடுமோ என்ற பயம் நிஜமாகவே குறைந்தது. எடை கீழே இறங்கியதால் திருப்பங்களில் உடல் சாய்வதும் குறைவு. தட்டையான, இறுகிய தரையில் மட்டும் ஓட்டுகிறவருக்கு இது பெரிய லாபம். ஃபிளாட் டிராக் பந்தயக்காரர்கள் தாழ்த்துவதும் இதற்காகத்தான், ஆனால் அவர்கள் குட்டையான ஷாக், அதற்கேற்ற கெட்டியான ஸ்பிரிங் என்று மொத்தமாக மாற்றுகிறார்கள், வளையத்தை மட்டும் தளர்த்திவிட்டுப் போவதில்லை.

தொல்லை எங்கே என்றால், வண்டிகள் ஓடி ஓடி வரிசையாகக் குழி விழுந்த தடத்தில். முதல் ஒன்றிரண்டு மேடுகளை மெத்தென்று தாண்டிவிடும், வேகம் கொஞ்சம் கூடியதும் ணங்கென்று அடி ஹேண்டில்பாரில் ஏறி மணிக்கட்டு வரைக்கும் வரும். கையால் அழுத்திப் பார்த்தால் சஸ்பென்ஷன் மிருதுவாகத்தான் இருக்கிறது, ஓட்டினால் மட்டும் முரடாக இருக்கிறதே என்று தோழன் குழம்பிப்போனான். காரணம் இதுதான்: பிரீலோடைத் தளர்த்துவதால் ஸ்பிரிங்கின் கடினம் மாறுவதில்லை, வண்டி நிற்கும் உயரம்தான் மாறுகிறது. ராப்டரில் முன்சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரம் சுமார் 230 மி.மீ., பின்சக்கரத்துக்கு 255 மி.மீ. ஆள் ஏறி உட்கார்ந்ததும் இதில் மூன்றில் ஒரு பங்கு அமுங்குவது சரியான கணக்கு. எங்கள் வண்டியில் முன்பக்கம் பாதிக்கு மேல் உட்கார்ந்தபடியே தின்றுவிட்டது, மிச்சத்தில்தான் எல்லா அடியையும் வாங்க வேண்டும்.

சந்தேகம் இருந்தால் ஷாக்கின் தண்டில் ஒரு பிளாஸ்டிக் டையை இறுக்கிக் கட்டி, வழக்கமான தடத்தில் ஒரு சுற்று போய் வாருங்கள். டை எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரை ஷாக் அமுங்கியிருக்கிறது. எங்களுடையதில் டை, ஷாக் முழுதாக அமுங்கும்போது போய் முட்டுகிற ரப்பரோடு ஒட்டி நசுங்கியிருந்தது, அந்த ரப்பரின் ஓரமும் பிய்ந்து தூளாகத் தொங்கியது. அதைப் பார்த்த பிறகு வேறு ஆராய்ச்சியே தேவைப்படவில்லை.

ஸ்டியரிங்கும் கெட்டது. முன்சக்கரங்களைச் சட்டத்தோடு இணைக்கும் ஏ-ஆர்ம்கள் நிற்கும் கோணம் மாறியதால் டோ (சக்கரங்கள் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு), கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் அளவு) இரண்டும் தவறிப்போய், ஒவ்வொரு மேட்டிலும் வண்டி இடம் வலமாக இழுத்தது. தாழ்த்துகிறவர்கள் அலைன்மென்டை மறுபடி பார்க்காமல் விடாதீர்கள், தயவுசெய்து.

கால் எட்டவில்லை என்பதற்காகத் தாழ்த்த நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும், இதை நான் அழுத்தியே சொல்வேன். நாலு சக்கரத்தில் நிற்கிற வண்டிக்குக் கால் தரையில் எட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஓடும்போது காலை ஊன்றினால் பின்சக்கரம் அதன்மேல் ஏறிவிடும், அது கணுக்காலை முறிக்கும். கால் எப்போதும் ஃபுட்பெக்கில்தான். உட்கார்ந்து எழச் சிரமமாக இருந்தால் சீட்டின் ஃபோமைச் செதுக்கிக் குறைத்துக்கொள்ளலாம், சஸ்பென்ஷனைத் தொட வேண்டாம்.

இன்னொன்று, தாழ்த்தினால் வயிற்றுப் பகுதிதான் கீழே வருகிறது. பின் ஆக்சிலில் இருக்கும் ஸ்ப்ராக்கெட்டும் டிஸ்க்கும் டயர் அளவைப் பொறுத்தே நிற்கும், அவை அப்படியேதான் இருக்கும். ஆனால் மணல்மேட்டின் கூரான உச்சியைத் தாண்டும்போது வயிறு தட்டி வண்டி உச்சியிலேயே மாட்டிக்கொள்ளும், எங்களுக்கும் அது நடந்தது.

பின்பக்கம் ஒரிஜினல் தண்டைப் போட்டு, முன்பக்கம் ஆள் உட்கார்ந்த நிலையில் அளந்து பிரீலோடை ஏற்றியதும் அந்த ணங் சத்தம் போய்விட்டது. சரிவில் கொஞ்சம் கவனமாகச் சாய்ந்து ஓட்ட வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். குட்டை ஷாக்கும் புது வால்விங்கும் (ஷாக்குக்குள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) போட்டு மணலில் ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அடுத்து தோழன் அதைத்தான் யோசிக்கிறான்.