பிராட்ஃபீல்டு காடும் பழைய தேவாலயங்களும்: போய்வந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், பரி செயின்ட் எட்மண்ட்ஸ் நகருக்கு அருகே உள்ள பிராட்ஃபீல்டு காட்டுக்கு ஏப்ரல் கடைசியில் அம்மாவை அழைத்துப் போகிறேன். மறுதாம்புக் கரும்பைப் போல, ஹேசல், ஆஷ் மரங்களைத் தரையோடு ஒட்ட வெட்டி, அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்க விடும் காடு இது. 1252 முதல் இந்த முறை விடாமல் தொடர்வதாகப் பதிவுகள் சொல்கின்றன. எத்தனை தலைமுறைக் கைகள்! வெட்டிய இடத்தில் வெயில் இறங்கியதும் வெளிர்மஞ்சள் ஆக்ஸ்லிப் பூக்கள் மண்டிவிடுமாம். அம்மாவுக்கு அதைக் காட்டியே ஆக வேண்டும்.

அண்மையில் வெட்டிய பகுதிக்கு எந்தப் பாதையில் போவது? களிமண் நிலம் என்பதால் சேறு பற்றியும் சொல்லுங்கள்; அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு.

சுற்றுவட்டாரத்தில் இரண்டு தேவாலயங்களையும் பார்க்க ஆசை. ஹெசட்டில் ஏழு பெரும்பாவங்களைக் காட்டும் இடைக்காலச் சுவரோவியம், வூல்பிட்டில் சிறகு விரித்த தேவதைகள் தாங்கும் மரக்கூரை. வார நாட்களில் கதவு திறந்திருக்குமா, சாவியை யாரிடமாவது கேட்டு வாங்க வேண்டுமா? எங்களிடம் கார் இல்லை. காட்டையும் இவ்விரண்டையும் ஒரே நாளில் பஸ்ஸில் பார்க்க முடியுமா, டாக்சிதான் வழியா?