லாப்லாசியன் அணியில் பூஜ்யம் 2 வருகிறது, எங்கே தப்பு?

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:
வணக்கம். நேரியல் இயற்கணிதப் பாடத்துக்குச் சின்ன செயல்திட்டம். கோலாலம்பூர் எல்ஆர்டி இலகு ரயிலில் சில நிலையங்களை முனைகளாகவும் இடையில் உள்ள தண்டவாளத்தை விளிம்பாகவும் வைத்துக் கோட்டுரு செய்தேன். ஆசைக்குப் பெயர்களைத் தமிழிலேயே தட்டினேன்.

களானா ஜெயா தடம்: கேஎல்சிசி, கம்போங் பாரு, டாங் வாங்கி, மஸ்ஜித் ஜாமெக், பாசார் செனி, கேஎல் சென்ட்ரல்.
அம்பாங் தடம்: பண்டாராயா, மஸ்ஜிட் ஜாமெக், பிளாசா ராக்யாட், ஹங் துவா.

ஒவ்வொரு முனையின் படியையும் (அதைத் தொடும் விளிம்புகளின் எண்ணிக்கை) மூலைவிட்டத்தில் போட்டு, அடுத்தடுத்த நிலையங்களுக்கு 1 போட்ட அணியை அதிலிருந்து கழித்தேன். இதுதான் லாப்லாசியன் அணி. மிகச் சிறிய ஐகன் மதிப்பு (அணியால் பெருக்கும்போது திசை மாறாத திசையன் எத்தனை மடங்காகிறதோ அந்த எண்) 0, இரண்டாவது அதைவிடப் பெரியது என்று விரிவுரையாளர் சொன்னார். எனக்கு முதலாவது −2.1×10⁻¹⁶, இரண்டாவது 3.4×10⁻¹⁶, அதாவது இரண்டுமே பூஜ்யம் மாதிரி. மூன்றாவதுதான் 0.268. நேற்று ராத்திரியிலிருந்து மண்டை காய்கிறது.

செந்தூல்வாசி:
பைத்தானின் நம்பை நூலகத்தில் 'ஐக்' (eig) போட்டிருந்தால் 'ஐக்எச்' (eigh) ஆக மாற்றுங்கள். சமச்சீர் அணிக்கு அதுதான் சரி, விடையும் ஏறுவரிசையில் வரும். கழித்தல் குறி கணினி எண்ணை முழுமையாக்குவதால் வரும் சின்னப் பிழை, பயப்படாதீர்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:
மாற்றினேன் அண்ணா. 2 பூஜ்யமும் நகரவில்லை.

பட்டர்வொர்த் டீச்சர்:
நகராது தம்பி, இரண்டும் உண்மையான பூஜ்யம். முனைக்கு ஒரு எண் வீதம் அடுக்கிய திசையனால் இந்த அணியை இரு பக்கமும் பெருக்கினால், ஒவ்வொரு விளிம்பின் இரு முனை எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கங்கள் கூடி வரும். கூட்டுத்தொகை 0 என்றால் இணைந்த முனைகளில் எல்லாம் ஒரே எண்தான் இருக்க முடியும். இணையாத துண்டு தன் இஷ்டத்துக்கு வேறு எண் வைத்துக்கொள்ளும். ஆக, எத்தனை பூஜ்யமோ அத்தனை துண்டு.

அந்த 0.268 இன்னொரு துப்பு. அது 2−2cos 30°, 6 முனைச் சங்கிலியின் இரண்டாவது ஐகன் மதிப்பு. உங்கள் களானா ஜெயா தடம் தனியாக நிற்கிறது! அணியில் எத்தனை வரிசை? 9 இருக்க வேண்டும். இரண்டு தடத்திலும் 'மஸ்ஜித்', 'மஸ்ஜிட்' என்று எழுதியிருப்பதைப் பாருங்கள்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:
10 வரிசை டீச்சர்! ஒரு 'ட்' என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. திருத்திய பிறகு இரண்டாவது மதிப்பு சுமார் 0.24. இது சரியா என்று எப்படிப் பார்ப்பது?

பட்டர்வொர்த் டீச்சர்:
இயற்பியலாளர் கிர்க்காஃப் 1847-லேயே வழி சொல்லிவிட்டார். பூஜ்யம் அல்லாத மதிப்புகளைப் பெருக்கி முனைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், எல்லா முனைகளையும் சுற்று இல்லாமல் இணைக்கும் மரங்களின் எண்ணிக்கை கிடைக்கும். உங்கள் கோட்டுருவே மரம், விடை 1. அதாவது 8 மதிப்புகளின் பெருக்கல் 9 வர வேண்டும்.

அப்புறம் அந்த 0.24-க்கு உரிய ஐகன் திசையனில் ஒவ்வொரு நிலையத்துக்கும் வரும் எண்ணின் கூட்டல், கழித்தல் குறிகளையும் பாருங்கள். 1973-ல் செக் கணிதவியலாளர் மிரோஸ்லாவ் ஃபீட்லர் ஆராய்ந்தது இந்த இரண்டாவது மதிப்பைத்தான்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பையன்:
பெருக்கினால் 9 வருகிறது. கேஎல்சிசி, கம்போங் பாரு, டாங் வாங்கி மூன்றும் ஒரு குறி, மீதி 6 எதிர்க்குறி. மஸ்ஜித் ஜாமெக்கில் தடம் தடமாகப் பிரியும் என்றல்லவா நினைத்தேன்?

பட்டர்வொர்த் டீச்சர்:
அணிக்குத் தடத்தின் பெயரும் நிறமும் தெரியாதே. மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து 4 கிளை போகிறது, மிக நீண்டது கேஎல்சிசி பக்கம். அதைத்தான் டாங் வாங்கி விளிம்பில் பிரித்திருக்கிறது. அடுத்து மோனோரயிலைச் சேர்த்தால், டாங் வாங்கியிலிருந்து புக்கிட் நானாஸ் மோனோரயில் நிலையத்துக்கு நடக்கும் வழியையும் விளிம்பாகப் போடுங்கள். ஹங் துவா வழியாகச் சுற்று உருவாகும், மர எண்ணிக்கை 1-ல் நிற்காது. பெயரை மட்டும் ஒரே மாதிரி தட்டுங்கள்.