டிராயிங் சாருக்குச் சிலை வேண்டாம், பிடிமண் கொடுப்போம்

அன்பு உறவுகளுக்கு வணக்கம்.

டிராயிங் சார் காலமாகி முப்பது நாள் ஆகிவிட்டது. பள்ளிக்கூட வாசலில் அவருக்கு மார்பளவுச் சிலை வைக்கலாம் என்று சிங்கப்பூர் அண்ணன் எழுதியிருந்தார். "நானும் தருகிறேன்" என்று வரிசையாக வந்த மடல்களையும் படித்தேன். நல்ல மனசுதான். ஆனாலும் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

இந்தக் குழுவில் இருக்கும் சின்னப் பிள்ளைகள் பலருக்கு அவரைத் தெரியாது. மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுப் பிள்ளை. கண்மாய்க்கரை அய்யனாருக்குப் பூசை வைப்பதும், மண்குதிரைகளை ஊர்வலமாகத் தூக்கிப்போய்ச் சாமிக்கு வைக்கும் புரவி எடுப்புத் திருவிழாவுக்குக் குதிரை செய்வதும் அவர்கள் குடும்பம்தான். சார் டிராயிங்கில் லோயர், ஹையர் எழுதித் தேறி, அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்து, 58 வயதில் ஓய்வு பெற்றார். பகலில் சாக்பீஸ், பொழுது சாய்ந்தால் மண். நகக்கண்ணில் இரண்டுமே இருக்கும்.

வாரத்துக்கு இரண்டு பீரியடு. அதில் ஒன்றைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததே இல்லை. மிச்சம் இருக்கும் ஒன்றில் சார் ஒரு செம்பருத்தியை மேசைமேல் வைத்துவிட்டு, "பாரு" என்பார். மணி அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது பூவை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "இப்ப வரை" என்பார். நமக்கு இதழ் நாலா அஞ்சா என்றே மறந்திருக்கும்.

ஒன்பதாவது படிக்கும்போது எங்களில் ஆறு பேரைச் செக்கானூரணி வரை நடத்திக் கூட்டிப்போய், பஸ் ஏற்றி, மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறக்கி, மீனாட்சியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனார். கம்பத்தடி மண்டபத்துத் திருக்கல்யாணச் சிற்பத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றோம். திருமால் தாரை வார்க்க, நடுவில் அம்மன். "மூணு பேருல யாரைச் செய்யறதுடா கஷ்டம்?" என்றார். நான் சிவன் என்றேன். "அம்மன்தான். வெக்கத்தைக் கல்லுல வெட்டணும்ல?" பக்கத்தில் காளிமேல் ஜனங்கள் வெண்ணெய் உருண்டை எறிந்துகொண்டிருந்தார்கள். சார் கன்னத்தில் போட்டுக்கொண்டே, "இம்புட்டு அப்பினா முழங்கை எப்படித் தெரியும்?" என்று முனகினார். பக்தியும் முனகலும் அவருக்குச் சேர்ந்தேதான் வரும்.

சரி, புரவிக்கு வருகிறேன். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுத்தால்தான் வேலை தொடங்கும். பிடிமண் வாங்கிய நாளிலிருந்து சாருக்கு விரதம். கவிச்சி கிடையாது, கொட்டகைக்குள் செருப்பு கிடையாது. கண்மாய் மண்ணோடு மணல், உமி, வைக்கோல் கூளம் சேர்த்து நாங்கள் மிதிப்போம். முதலில் நாலு கால், உள்ளே கூடாக, குழாய் மாதிரி. அது ஈரம் வற்றிச் சுமை தாங்கும் பதத்துக்கு வந்த பிறகுதான் வயிறு. அப்புறம் கழுத்து, கடைசியில் தலை. அவசரப்பட்டால் குதிரை அப்படியே உட்கார்ந்துவிடும். நிழலில் காயவிட்டு, வைக்கோலும் வரட்டியும் அடுக்கிச் சூளை போடுவார்கள்.

ஒரு வருஷம் சூளை பிரித்தபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. மூன்றாம் நாள் ஒரு குதிரையின் முன்னங்காலில் உள்ளங்கை அகலத்துக்குத் தெறித்துக் கிடந்தது. குழிக்குள் வெள்ளையாக ஒரு பொட்டு. சுக்காங்கல். நெருப்பில் வெந்து சுண்ணாம்பாகி, காற்றில் இருக்கும் ஈரத்தைக் குடித்து வீங்கி, மேலே உள்ள ஓட்டைத் தள்ளிவிடும். அந்த மண்ணை மிதித்தது நான். சார் திட்டவில்லை. என் பாதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கல்லு காலுக்குத் தெரியலையா?" என்று மட்டும் கேட்டார். இன்றைக்கும் வெறுங்காலில் நடந்தால் அந்தக் கேள்வி வரும்.

சாரின் வீட்டம்மாவுக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோனது பழைய ஆட்களுக்குத் தெரியும். பதினோரு வருஷம். நான் பால் ஊற்றப் போகும் நேரத்தில் அம்மாவைத் திண்ணையில் உட்கார வைத்து, எண்ணெய் தேய்த்து, சிக்கெடுத்து, சார் சடை பின்னிக்கொண்டிருப்பார். ரிப்பன் பல்லில் இருக்கும். பின்னி முடித்ததும் இரண்டடி தள்ளி நின்று, கரும்பலகையைப் பார்ப்பது மாதிரி தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கோணல் என்றால் அவிழ்த்து மறுபடி. "போதும் விடுங்க, மணி அடிச்சிருவாங்க" என்று அம்மா குழறிக் குழறிச் சொல்லும்.

ஊருக்குப் போனால் அய்யனார் கோயிலில் அந்த வருஷங்களில் வைத்த குதிரைகளுக்குப் பின்னால் போய் நின்று பாருங்கள். வால் மூன்று கால் சடையாக இருக்கும். அதற்கு முந்தியவற்றில் அப்படி இல்லை.

அவற்றில் பாதி உடைந்து கிடக்கின்றன. மேலே தகரக் கொட்டகை போடுவோம் என்று ஒருமுறை தோஹாவிலிருந்து போன் பண்ணினேன். "சாமிக்குக் குடுத்தாச்சுடா. மழையில போகட்டும். அப்பத்தானே அடுத்த எடுப்புக்கு எனக்கு வேலை?" என்றார். அவர் செய்த எதிலும் அவர் பெயர் கிடையாது. பள்ளிச் சுவரில் வரைந்த படங்களிலும் கிடையாது. அவருக்குப் போய்க் கல்வெட்டோடு சிலையா?

அந்தப் பணத்தில் நின்றுபோன புரவி எடுப்பை நடத்துவோம் என்பது என் யோசனை. சாரின் மகன் கோயம்புத்தூரில் மில் வேலை, மண்ணைத் தொடுவதில்லை. மகளை விளாச்சேரியில் கொடுத்திருக்கிறது. அங்கே கொலு பொம்மையும் கிறிஸ்துமஸ் குடில் பொம்மையும் செய்கிறாள். கை அப்படியே அப்பா கை. பொம்பளைப் பிள்ளை புரவி செய்யலாமா என்று பெரியவர்கள் சிலர் கேட்பார்கள். அத்தனை வருஷமும் வரட்டி தட்டிச் சூளைக்குச் சுமந்தது யார் என்று அவர்களே யோசித்துக்கொள்ளட்டும். கண்மாயில் மண் எடுக்கத் தாலுகா ஆபீஸ் அனுமதி வேண்டும், அதை ஊரில் இருக்கும் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும்.

நேற்று அவளிடம் பேசினேன். "செய்றேண்ணே. தண்ணி வத்தட்டும். காசெல்லாம் அப்புறம், மொதல்ல பிடிமண்ணு குடுக்கச் சொல்லுங்க" என்றாள். லீவு போட்டு நானும் மண் மிதிக்க வருகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரித்துவிட்டாள்.

"நீங்க மிதிச்சா பக்கத்துல ஒரு ஆள் நிக்கணும்னு அப்பா சொல்லியிருக்காருண்ணே."