முன்கண்ணாடி மாற்றிய வண்டிகள்: எங்கே சரியாகிறது, எங்கே கெடுகிறது

கண்ணாடி பிட்டர், சென்னை:

கண்ணாடி மாற்றிக் கொஞ்ச நாளில் தண்ணீர் ஒழுகுகிறது, வேகமெடுத்தால் விசில் சத்தம் வருகிறது என்று வரும் வண்டிகளில் கண்ணாடியில் குறை இருப்பது அபூர்வம். ஒட்டிய இடத்தில்தான் குறை. இன்றைய கார்களில் முன்கண்ணாடி பாடியோடு பி.யூ. (பாலியூரிதேன் பசை) போட்டு ஒட்டிய பாகம். பக்கத்து சீட்டு ஏர்பேக் விரியும்போது பல கார்களில் அது மேலே எழும்பி, கண்ணாடியைத் தாங்கலாக வைத்துத்தான் ஆள் பக்கம் திரும்பும். ஒட்டு பலவீனமாக இருந்தால் பை கண்ணாடியையே வெளியே தள்ளிவிடும். அதனால் கண்ணாடி எந்த கம்பெனி என்று கேட்பதற்கு முன்னால், என்ன பி.யூ., என்ன பிரைமர் (பசை பிடிக்க முதலில் பூசும் பூச்சு) என்று கேளுங்கள்.

கழற்றும் வேலை: வைப்பர் கை கண்ணாடியின் அடி ஓரத்திலிருந்து எத்தனை செ.மீ. மேலே நிற்கிறது என்று அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். பழைய கண்ணாடியில் டேப் ஒட்டிக் குறித்தால் அந்தக் குறி கண்ணாடியோடு போய்விடும். பிறகு வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் தட்டு, பக்கத் தூண் உறை. தூணுக்குள் கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, வண்டிப் புத்தகத்தில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகே உறையில் கை வைக்கலாம். டேஷ்போர்டு மேல் கனமான துணி, பாடி ஓரம் முழுக்க டேப். அதற்குப் பிறகுதான் கம்பியோ கத்தியோ.

பழைய பி.யூ.வை இரும்பு தெரியும்வரை சுரண்டக் கூடாது. 1 முதல் 2 மி.மீ. உயரத்துக்குச் சமமாகச் சீவி விட்டுவிட வேண்டும். கம்பெனியில் ஒட்டிய அந்த அடிப்படலம் பெயிண்டை இறுகப் பிடித்திருக்கும், புது பி.யூ. அதன் மேல் நன்றாகப் பிடிக்கும். சீவிய பிறகு அதில் கை படக் கூடாது. வியர்வை, டேஷ்போர்டு பாலிஷ் இரண்டுமே ஒட்டைக் கெடுக்கும்.

புதுக் கண்ணாடியைப் பசை இல்லாமல் ஒருமுறை வைத்துப் பார்த்து, இடைவெளி இரு பக்கமும் ஒத்து வந்ததும் கண்ணாடிக்கும் கூரைக்கும் குறுக்கே டேப் ஒட்டி, நடுவில் வெட்டிக்கொண்டால் ஒட்டும்போது அதுவே குறி. கறுப்பு ஓரப்பட்டையில் ஆக்டிவேட்டரை (ஒட்டும் பரப்பைத் தயார்செய்யும் திரவம்) ஒரே திசையில் துடைக்க வேண்டும். அழுக்கான துணியைத் திரும்ப வைக்கக் கூடாது. பிரைமர் தேவைப்படும் பி.யூ.வாக இருந்தால் ஒரே பூச்சு, பிறகு டப்பாவில் போட்டிருக்கும் நேரம் காய விட வேண்டும். அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்தைத்தான் அவசரத்தில் விழுங்கிவிடுகிறார்கள்.

பி.யூ. அளவுக்கு ஒரு கணக்கு. சின்ன காரின் முன்கண்ணாடிச் சுற்றளவு சுமார் 4 மீட்டர். நாசிலை வி வடிவில் வெட்டினால் விழும் முக்கோணக் கோடு 8 அல்லது 9 மி.மீ. அகலம், 12 மி.மீ. உயரம், குறுக்குவெட்டு ஏறக்குறைய 50 சதுர மி.மீ. அப்படியென்றால் 200 மி.லி. போகும். 310 மி.லி. டியூப் ஒன்று போதும். பெரிய எஸ்.யூ.வி. என்றால் இரண்டாவது டியூப் திறக்கத் தயாராகப் பக்கத்தில் இருக்க வேண்டும். பாதிக் கோட்டில் தீர்ந்து ஆள் கடைக்கு ஓடினால், முதலில் போட்டது தோல் கட்டிவிடும். தோல் கட்டிய பி.யூ. மேல் கண்ணாடி வைத்தால் பிடித்த மாதிரித் தெரியும், பிடித்திருக்காது. வெயிலும் ஈரக்காற்றும் சேர்ந்த நம்ம ஊரில் அந்த நேரம் இன்னும் சுருங்கும். டியூபில் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

வைக்கும்போது இரண்டு பேர், இரண்டு சக்ஷன் கப். நேராக இறக்கி உள்ளங்கையால் ஒரே சீராக அமுக்க வேண்டும். தொட்ட பிறகு பக்கவாட்டில் நகர்த்தினால் கோடு வழிந்து ஒரு பக்கம் வெற்றிடம் விழும்.

பாடி ஷாப் சூப்பர்வைசர், கோயம்புத்தூர்:

மேலே சொன்னதோட துருவையும் சேர்த்துக்கணும். மூணு நாலு வருஷம் முன்னாடி கண்ணாடி மாத்தின வண்டி மறுபடி வந்தா, பீடிங்கை, அதாவது கண்ணாடி ஓரத்து ரப்பர் பட்டையை, தூக்கிப் பார்த்தாலே போன தடவை கத்தி இழுத்த கோடு அப்படியே துருக் கோடா நிக்கும். ஒட்டு பிடிக்கிறது பெயிண்ட்டை. அந்தப் பெயிண்ட்டுக்கு அடியில துரு ஓடினா எவ்வளவு நல்ல பி.யூ. போட்டாலும் படலத்தோட உரிஞ்சு வந்துரும். சின்னக் கீறல்னா அங்க மட்டும் பிரைமர் தொட்டு வெச்சா போதும். துரு பொத்தலா இருந்தா அன்னைக்கு கண்ணாடி ஒட்டவே கூடாதுங்க. மணல் காகிதம், எபாக்ஸி பிரைமர், பெயிண்ட், அது முழுசா காயற நேரம், எல்லாம் முடிஞ்சுதான். ஈரப் பெயிண்ட் மேல ஒட்டினா பி.யூ. பெயிண்ட்டையே தூக்கிட்டு வரும்.

சிலிகான் விஷயத்துல நான் கறாராத்தான் சொல்வேன். ஒழுகுற இடத்துல வெளியே இருந்து சிலிகான் தடவறது வைத்தியம் இல்ல. தண்ணி உள்ளே போற வழி அப்படியே இருக்கும், வெளியே வர்ற வழி அடைஞ்சுரும். நாளைக்கு சரியா ஒட்டப் போனாலும் அந்த சிலிகான் எச்சத்து மேல எதுவும் பிடிக்காது.

காயறதைப் பத்தி: பி.யூ. காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்துத்தான் இறுகும். சாதாரண வகை 24 மணி நேரத்துல 3, 4 மி.மீ. ஆழம்தான் இறுகும். அதனால வண்டியை எப்ப எடுக்கலாம்கிறது வேற, முழுசா இறுகறது வேற. 1 மணி நேரத்துல எடுக்கலாம்னு தர்ற வகையும் இருக்கு, அதைவிட நாலு மடங்கு கேக்கறதும் இருக்கு. டியூப் மேல போட்டிருக்கிறதை நீங்களே படிச்சுக்கங்க. முதல் நாள் ஒரு ஜன்னலை விரல் அளவு இறக்கியே வைங்க. எல்லாம் மூடி கதவை அறைஞ்சு சாத்தினா உள்காத்து கண்ணாடியை வெளியே தள்ளும். கண்ணாடி நகராம இருக்க வெளியே ஒட்டின டேப்பை மறுநாள்தான் எடுக்கணும். பிரஷர் வாஷ் ரெண்டு நாளைக்கு வேண்டாம்.

இன்சூரன்ஸ் சர்வேயர், மதுரை:

பணம் பற்றிய பகுதியைச் சொல்லிவிடுகிறேன். வழக்கமான முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50% கழிப்பார்கள். பீடிங், கிளிப் எல்லாம் அதில் வரும். இதற்கு மேல் கட்டாயப் பிடித்தம்: 1500 சி.சி. வரை 1000 ரூபாய், அதற்கு மேல் 2000 ரூபாய். க்ளெய்ம் எடுத்தால், தனியாகப் பாதுகாப்பு எடுத்திருந்தால் தவிர, என்.சி.பி. (க்ளெய்ம் எடுக்காத ஆண்டுகளுக்குப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) போகும். அது 50% வரை ஏறக்கூடியது. ஆகவே சின்ன காரில், என்.சி.பி. உச்சத்தில் இருப்பவர், அடுத்த ஆண்டு பிரீமியம் எவ்வளவு கூடும் என்று கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. விரிசலை நான் பார்ப்பதற்கு முன்னால் கண்ணாடியைக் கழற்றிவிடாதீர்கள். குறைந்தபட்சம் வண்டி எண் தெரிய ஒரு படம், விரிசல் தெரிய ஒரு படம், கண்ணாடி முத்திரை தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அந்த முத்திரை கண்ணாடியின் கீழ் மூலையில் இருக்கும். தயாரிப்பாளர் பெயர், லாமினேட்டட் (இரண்டு கண்ணாடிக்கு நடுவில் படலம் வைத்தது) என்ற குறிப்பு, ஐ.எஸ்.ஐ. குறி ஆகியவை படிக்கும்படி இருக்க வேண்டும். பில்லிலும் அதே பெயர் வர வேண்டும்.

ஃபாஸ்டாக்கை மறந்துவிட்டு டோலில் மாட்டுபவர்கள் நிறைய. ஒருமுறை உரித்தால் உள்ளே இருக்கும் ஆன்டெனா கிழிந்துவிடும், திரும்ப ஒட்டினால் வேலை செய்யாது. கண்ணாடி மாற்ற நாள் குறித்ததுமே உங்களுக்கு டாக் கொடுத்த வங்கியில் மாற்று டாக் கேட்டுவிடுங்கள்.

ஆட்டோ எலக்ட்ரீஷியன், திருச்சி:

கண்ணாடி ஆர்டர் பண்ணும் முன்னால் கண்ணாடிக்குப் பின்புறம் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே மாடலிலேயே மழை சென்சார் உள்ளது, இல்லாதது, கேமரா தாங்கி உள்ளது என்று வகை வகையாக வரும். வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து ஆர்டர் போடுவதுதான் பாதுகாப்பு. டிரைவர் முன்னால் கண்ணாடியிலேயே வேகம் தெரியும் வண்டிக்குச் சாதாரணக் கண்ணாடி போட்டால் எழுத்து இரண்டிரண்டாகத் தெரியும். அதற்கான கண்ணாடியில் நடுப்படலம் ஆப்பு மாதிரி மேலே தடித்துக் கீழே மெலிந்து இருக்கும்.

மழை சென்சாரின் ஜெல் பட்டையைப் பழையதையே திரும்ப வைத்தால் உள்ளே காற்றுக் குமிழி நின்றுவிடும். அப்புறம் வெயிலில் வைப்பர் தானாக ஓடும், மழையில் நிற்கும். புதுப் பட்டை போடுங்கள்.

கேமரா வைத்துத் தானாக பிரேக் பிடிக்கும் வண்டியில் காலிப்ரேஷன், அதாவது கேமராவின் பார்வையைத் திரும்பச் சரிசெய்வது, கட்டாயம். கண்ணாடி 1 மி.மீ. கோணலாக இருந்தாலும் தூரத்தில் இருக்கும் வண்டி பக்கத்து லேனில் இருப்பதாகக் கேமரா எடுத்துக்கொள்ளலாம். சில வண்டிகளுக்குப் பலகை வைத்து நின்ற இடத்தில், சிலவற்றுக்குக் கோடு போட்ட ரோட்டில் ஓட்டி, சிலவற்றுக்கு இரண்டும். டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு இல்லை என்பதால் சரியாகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஸ்கேனர் ரிப்போர்ட் பிரிண்ட் வாங்குங்கள்.

கண்ணாடி பிட்டர், சென்னை:

கடைசியாக, ஒழுகுகிறதா என்று பரிசோதிப்பது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பி.யூ. இறுகிய பிறகு, மெதுவாக ஓடும் ஹோஸ் தண்ணீரைக் கீழ் ஓரத்தில் தொடங்கி மேலே கொண்டு போங்கள், ஒவ்வொரு இடத்திலும் சில நிமிடம். ஒருவர் உள்ளே காகிதத்தை ஓரத்தில் ஒற்றிப் பார்க்க வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனைந்து எங்கே நுழைகிறது என்றே தெரியாது. பி.யூ. கோடு தொடங்கி முடிந்து சேரும் இடத்தை முதலில் சந்தேகப்படுங்கள். விசில் சத்தத்துக்கு, பீடிங் மேல் டேப் ஒட்டி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் ஒரு முனையிலிருந்து டேப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தால் இடம் சிக்கும்.

கால் வைக்கும் இடத்தில் மட்டும் தண்ணீர் தேங்கினால், கண்ணாடியைக் கழற்றும் முன் வைப்பர் தட்டுக்கு அடியில் வடிகால் துளையைப் பாருங்கள். வேப்ப இலைச் சருகு அடைத்திருந்தால் மழைத்தண்ணீர் ஏ.சி. காற்று வழியாக உள்ளே இறங்கும். சன்ரூஃப் வண்டியில் அதன் வடிகால் குழாயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.