ஸ்லிப்ஸ்ட்ரீமிங்: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம்.

திருவாரூரில் கணினி வன்பொருள் வகுப்பு எடுக்கிறேன். பாடக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது. இங்கே சில அரிசி ஆலைகளின் எடைமேடை மென்பொருள் விண்டோஸ் 7-ஐ விட்டு நகர மாட்டேன் என்கிறது. பழைய கணினி படுத்துவிட்டால் புதியதிலும் அதையே ஏற்ற வேண்டும். 2009-இல் வந்த நிறுவல் வட்டுக்கு யூஎஸ்பி 3 தெரியாது. இன்டெல் ஆறாம் தலைமுறைத் தாய்ப்பலகைகளில் மொழியைக் கேட்கும் முதல் திரையிலேயே விசைப்பலகையும் சுட்டியும் அசையாமல் நின்றுவிடும். என்விஎம்இ என்ற புதுவகை வேகச் சேமிப்பு வட்டும் அதன் கண்ணில் படாது. அதனால் தேவையான இயக்கிகளை (டிரைவர், அதாவது கணினியின் உறுப்புகளை இயக்க உதவும் சிறு மென்பொருள்களை) நிறுவல் கோப்புக்குள் முன்கூட்டியே சேர்த்துவிடுகிறோம். இந்த ஸ்லிப்ஸ்ட்ரீமிங்குக்கு நல்ல சொல் வேண்டும்.

கும்பகோணம்: உள்ளிணைப்பு. யாராவது சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'பின்காற்று' என்று ஆரம்பிக்குமுன் சொல்லிவிட்டேன்.

மன்னார்குடி: உள்ளிணைப்பு, உட்பொதிவோடு (எம்பெட்டிங்) குழம்பும். நம்மூரிலேயே செயல் இருக்கிறதே. சம்பா அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போது, மண் ஈரம் காய்வதற்குள், நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிக்கிறோம். அறுப்பு முடியும்போது முளை தயாராக நிற்கும், தனியாக உழ வேண்டியதில்லை. ஆகவே 'ஊடுவிதைப்பு'.

திருபுவனம்: அருமை. பட்டுத்தறியில் பாவுக்குள் ஓடும் குறுக்கிழையை ஊடை என்போம். அதுவும் இந்த ஊடுதான். ஊடுருவல், ஊடகம் எல்லாம் அதே வேர். ஊடலும் அதுவே என்பது என் நெடுநாள் துணிபு: இருவருக்கு நடுவே ஒன்று புகுவதுதானே ஊடல்? வள்ளுவர் ஊடலுவகையைக் கடைசி அதிகாரமாக வைத்ததற்கும் இதற்கும் தொடர்பு உண்டு. விரிவாக எழுதுகிறேன்.

திருவாரூர்: ஐயா, வெள்ளிக்கிழமைக்குப் பிறகு எழுதுங்கள்.

தஞ்சாவூர்: நான் கடையில் இதைத் தினமும் செய்கிறவன். எங்கள் பையன் 'ஸ்லிப்ஸ்ட்ரீம் பண்ணிட்டேண்ணே' என்பான். 'ஊடுவிதைச்சுட்டேன்' என்றால் வந்த வாடிக்கையாளர் உரக்கடைக்குப் போய்விடுவார். வடசொல்லையே வடவெழுத்தை நீக்கி எடுத்துக்கொள்ளத் தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறார், இதற்கு மட்டும் என்ன தடை? அதைவிட முக்கியம்: பூட்.விம் (நிறுவலைத் தொடங்குவது), இன்ஸ்டால்.விம் (கணினியில் ஏறும் விண்டோஸ்) இரண்டு கோப்பிலும் இயக்கியைப் போட வேண்டும் என்று எழுதினீர்களா? முதலாவதில் போடாமல் விட்டால் நிறுவவே முடியாது. இரண்டாவதில் போடாமல் விட்டால் எல்லாம் நன்றாக ஏறி, முதல் தடவை திறக்கும்போது விசைப்பலகை மறுபடி கல்லாகும். பலகையில் பழைய உருண்டைத் துளை, அதாவது பிஎஸ்/2, இருந்தால் மட்டும் அதில் ஒரு விசைப்பலகையைச் செருகித் தப்பிக்கலாம்.

மன்னார்குடி: வடசொல்லுக்கான விதியை ஆங்கிலத்துக்கு நீட்டுவது எந்த உரையில் இருக்கிறது? 'பழையன கழிதலும் புதியன புகுதலும்' என்று நன்னூலார் சொன்னதும் புதிய தமிழ்ச்சொல்லுக்குத்தான்.

தஞ்சாவூர்: பழையது கழிந்திருந்தால் விண்டோஸ் 7-க்கு இந்தப் பாடே இல்லையே அண்ணே.

நாகப்பட்டினம்: சொல் எதுவாகவும் இருக்கட்டும். விண்டோஸ் 7-க்குப் பொது ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2020 ஜனவரி 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அந்த எடைமேடைக் கணினிக்கு இணையம் கொடுக்க வேண்டாம் என்று குறிப்பில் ஒரு வரி சேருங்கள். தடித்த எழுத்தில்.

திருவாரூர்: சேர்த்துவிட்டேன், இரண்டு விம் கோப்பையும்தான். தலைப்பில் 'இயக்கி ஊடுவிதைப்பு', முதல் வரியில் ஒரு முறை மட்டும் ஸ்லிப்ஸ்ட்ரீமிங். இத்துடன் அனுப்புகிறேன், எல்லோருக்கும் நன்றி.

தஞ்சாவூர்: சரி. கடையில் பேச்சு மாறாது.

கும்பகோணம்: பொதிவது வேறு, இணைப்பது வேறு. உள்ளிணைப்பு எப்படிக் குழம்பும் என்று மன்னார்குடியார் இன்னும் விளக்கவில்லை. அடுத்த பதிப்புக்கு முன் விளக்கட்டும்.